சங்கச் செயலாளரின் அக்கறை

கடலோர அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் தரகருக்காகக் காத்திருந்தவளை, குடியிருப்போர் சங்கச் செயலாளர் செருப்பிலிருந்து தலை வரை அளந்தார்.

"யாரும்மா நீ?"

"வீடு வாங்க வந்திருக்கேன் சார். எங்க குடும்பத்துக்கே இதுதான் முதல் சொந்த வீடு."

"இப்ப எங்க இருக்கீங்க?"

"மீன் மார்க்கெட்டுக்குப் பின்னாடி லைன் வீட்ல."

அவர் முகத்தைச் சுளித்தார். அந்தச் சுளிப்பை அவள் கல்லூரியில் சேர்ந்த முதல் நாளே பார்த்திருக்கிறாள். சட்டென்று அவர் குரலில் அக்கறை வழிந்தது.

"உன் நல்லதுக்குச் சொல்றேன், இந்தப் பக்கமே வராதே. உப்புக் காத்துல கம்பியெல்லாம் துருப்பிடிச்சுப் போச்சு. மழை வந்தா லிஃப்ட் படுத்துக்கும். குழாய்ல வர்றது உப்புத் தண்ணி."

"அவ்வளவு மோசமா சார்?"

"சும்மா குடுத்தாலும் வாங்கக் கூடாதும்மா!"

தரகர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"அடடே, நீங்களே பேச ஆரம்பிச்சிட்டீங்களா சார்? கேட்ட விலைக்கே முன்பணம் தர வர்றாங்கன்னு சொன்னேனே, அந்த பேங்க் ஆபீசர் இவங்கதான். மேடம், உங்களுக்குக் காட்டினேனே, அந்த வீட்டு ஓனர் சார்தான்!"



"இவ்வளவு உண்மை பேசற ஓனரை நான் பார்த்ததே இல்ல," என்றாள் அவள். "வாங்க சார், மேல போய் விலையை முதல்லேர்ந்து பேசுவோம்."