போய்ச் சேர்ந்தவள்

தொலைபேசியை வைத்ததும் ஸ்டோர் கீப்பர் மேஜையில் கவிழ்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். மாற்றலாகி வந்து பத்து நாள்தான் ஆகிறது. டைப்பிஸ்ட் பதறி ஓடி வந்தாள்.

"என்னண்ணே ஆச்சு?"

"என் வீட்டுக்காரி... இன்னைக்குக் காலையில போய்ச் சேர்ந்துட்டாம்மா."

அவளுக்கும் கண் கலங்கிவிட்டது. மேனேஜர் எழுந்து வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"ரொம்பக் கஷ்டப்பட்டாங்களாய்யா?"

"கடைசியில மூச்சு விடவே சிரமமாம் சார். ஏற்கெனவே ரெண்டு தடவை பாதியில திரும்பி வந்தவ. இந்தத் தடவை போயே தீருவேன்னு நின்னா. போயிட்டா."

"பாவம்யா... மனசைத் தேத்திக்க. எப்ப எடுக்கிறாங்க?"

"அப்பவே எடுத்தாச்சு சார். கையில கொடியோட, சிரிச்ச மாதிரி."

மேனேஜரின் கை தோளிலிருந்து நழுவியது. "எதைய்யா எடுத்தாங்க?"

"போட்டோ சார். அந்தச் சிகரத்துல இதுவரைக்கும் ஒரு பொம்பளையும் ஏறினதில்ல. இவதான் முதல் ஆளு."

டைப்பிஸ்ட் அழுகையும் சிரிப்புமாக மூக்கை உறிஞ்சினாள். "எங்க உயிரே போயிடுச்சுண்ணே!"

"நான் வேற லீவு எழுதிக் குடுன்னு சொல்ல இருந்தேன்" என்றார் மேனேஜர்.

"லீவு வேணும் சார், அவ வீடு திரும்புற அன்னைக்கு. முன்ன ரெண்டு தடவையும் நான் ஆபீஸ்ல இருந்துட்டேன். தோத்துப் போய் வந்தவ, தானே பூட்டைத் திறந்து உள்ள போனா. இந்தத் தடவை கதவை நான் திறக்கணும்."