பின்னச்சு தாழ்த்திய மூக்கு

ஒரு பழைய காரில் தேய்ந்துபோன கியர்பாக்ஸைக் கழற்றிவிட்டு, வேறொரு காருடையதைப் பொருத்தினார்கள். அது கொஞ்சம் தாழ்வாக உட்கார்ந்தது. பின்சக்கரங்களின் அச்சான பின்னச்சோ, முப்பது வருஷம் பார்த்துப் பழகிய பழைய கியர்பாக்ஸின் உயரத்தையே நோக்கி மூக்கைத் தூக்கி நின்றது. இரண்டையும் இணைத்துச் சுழலும் ஷாஃப்டின் பாடுதான் திண்டாட்டம். வேகமெடுத்தால் உதறல், மூட்டெல்லாம் கொதித்தது. அச்சின் மூக்கைத் தாழ்த்த மெக்கானிக் எபனேசர் வைத்த ஆப்பையும் அச்சு நெட்டித் தள்ளிவிட்டது.

“கொஞ்சம் குனி அக்கா. இல்லாவிட்டால் நான் ஒடிந்துவிடுவேன்,” என்று ஷாஃப்ட் கெஞ்சியது.

“அவன் இருந்த இடமடி அது. எப்படிக் கண்ணை எடுப்பேன்?”

“எனக்கு மட்டும் அவன் நினைப்பு இல்லையா?”

புது கியர்பாக்ஸ் தயங்கித் தயங்கிச் சொன்னது: “நானும் ஓர் அச்சோடு இருபது வருஷம் ஓடினவன்தான். அவளை உருக்க எடுத்துப் போய்விட்டார்கள்.”

மறுநாள் எபனேசர் மறுபடி ஆப்பு வைத்தபோது அச்சு மெல்ல மூக்கைத் தாழ்த்தியது.

மலைப்பாதையில் கார் உதறாமல் ஏறியது. மூன்றாவது வளைவில் அச்சு கேட்டது: “தம்பி, அவள் எப்படிப்பட்டவள்?”

“ஓயாமல் பேசுவாள்,” என்று ஆரம்பித்தது கியர்பாக்ஸ். ஷாஃப்ட் சத்தமில்லாமல் சுழன்றபடி கேட்டுக்கொண்டே போனது.