சில்லென்ற பஞ்சு

அந்தக் குடும்பத்தில், உடைந்த பல் வலிக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. யாரும் போட்ட சட்டமில்லை அது. ஆனாலும் மீறியவர் இல்லை.

பல் மருத்துவருக்கு இது தெரியவர ஓராண்டு ஆயிற்று.

எட்டு வயதில், உடைந்த முன்பல்லும் சீழ் கோத்த ஈறுமாக வந்தவள் அந்தச் சிறுமி. எதைக் கேட்டாலும் ஒரே பதில்: "இல்ல டாக்டர்."

பல்லின் வேர் அப்போது முழுதாக வளர்ந்திருக்கவில்லை. முட்டை ஓடு போல மெல்லிய சுவர், மூடாத நுனி. சுரண்டினால் நொறுங்கிவிடும். ஆகவே மருத்துவர் சுரண்டவில்லை. துளித்துளியாக மருந்துநீர் விட்டுக் கழுவினார். மூன்று வாரம் உள்ளே மருந்து வைத்துக் காத்திருந்தார். கிருமி ஒழிந்த பிறகு, வேரின் அடியிலிருந்து சிறிது இரத்தத்தை உள்ளே ஊறவிட்டு மேலே அடைத்தார்.

அதில் உயிர் பற்றினால் வேர் வளரும். இல்லையேல் அது வெறும் கூடு. கடினமான எதையோ கடிக்கும் ஒருநாள் கையோடு வந்துவிடும்.

ஓராண்டு கழித்து இன்று எக்ஸ்ரேயைப் பார்த்ததும் மருத்துவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சுவர் தடித்திருந்தது. நுனி குவிந்திருந்தது! இனித் தெரிய வேண்டியது ஒன்றுதான்: அந்தப் பல்லுக்கு உணர்வு திரும்பியிருக்கிறதா?

பஞ்சில் குளிர்மருந்தைத் தெளித்து அதன்மேல் வைத்தார்.

"கூசுதா கண்ணு?"

"இல்ல டாக்டர்."

பக்கத்திலிருந்த நல்ல பல்லில் வைத்தார்.

"இல்ல டாக்டர்."

மருத்துவர் நிமிர்ந்தார். நல்ல பல் கூசியே ஆகவேண்டும். சிறுமியின் கால்விரல்களோ சுருண்டு கிடந்தன. கண்கள் கதவோரம் நின்ற அப்பாவின் மேல் இருந்தன.

"சார், வெளிய ஒரு ஃபார்ம் இருக்கு. கையெழுத்துப் போட்டுட்டு வந்துடுங்களேன்."

அவர் போனதும் மருத்துவர் குனிந்தார். "வாயில விரல வச்சா கடிக்கத் தெரியாத பொண்ணே, இப்ப நெசத்தச் சொல்லு."

"வலிக்குதுன்னு சொன்னா அப்பா அன்னிக்கு முழுக்கச் சாப்பிடவே மாட்டாரு," என்றாள் மெதுவாக. "சைக்கிள் சீட்ட விடமாட்டேன், விடமாட்டேன்னு சொல்லிட்டு விட்டது அவருதான். அப்பதான் விழுந்து பல்லு உடைஞ்சுது."

மருத்துவர் உடைந்த பல்லைத் தொட்டுக் காட்டினார்.

"இந்தப் பல்லு கூசுச்சுன்னா அதுக்கு உயிர் வந்துடுச்சுன்னு அர்த்தம்டா. கேட்டா உங்கப்பா ரெண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுவாரு."

சிறுமியின் கண்கள் அகன்றன. மருத்துவருக்கோ இப்போது வேறு கவலை: அப்பாவுக்காக 'இல்லை' என்றவள், அப்பாவுக்காகவே 'ஆமாம்' என்றும் சொல்லிவிடுவாளே!

மருந்து தெளிக்காத வெறும் பஞ்சை எடுத்து அந்தப் பல்லில் வைத்தார்.

சிறுமி காத்திருந்தாள். உதடு பிதுங்கியது. "இல்லையே டாக்டர்..."

அவள் பொய் சொல்லவில்லை! மருத்துவர் பஞ்சை மாற்றினார், குளிர்மருந்தைத் தெளித்தார், வைத்தார்.

ஒன்று. இரண்டு.

மருத்துவரின் கையைத் தட்டிவிட்டு நாற்காலியிலிருந்து குதித்தாள் சிறுமி. கழுத்தில் கட்டிய துணி பறக்க, கதவைத் தள்ளிக்கொண்டு, ஆட்கள் நிறைந்த கூடத்துக்கு ஓடினாள்.

"அப்பா! கூசுதுப்பா! பயங்கரமா கூசுது!"