ஒன்பதாவது கணக்கு

ஜன்னல் கம்பிகளின் நிழல் விடைத்தாள் கட்டுகள்மேல் கோடு போட்டிருக்கிறது. கணக்கு டீச்சர் கைப்பேசியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நானூறு ஆசிரியர்கள் உள்ள குரூப்பில், எல்லாப் பள்ளிகளிலும் இன்று திருத்தும் பொதுக் கணக்குத்தாளுக்குக் காலையில் அவள் போட்ட விடைக்குறிப்பின் கீழே கும்பிடு பொம்மைகள் இன்னும் வந்து விழுகின்றன. ‘நீங்க இல்லேன்னா எங்க பாடு திண்டாட்டம்தான் டீச்சர்!’ அதில் ஒன்பதாவது கணக்கின் விடை தப்பென்பது, மூன்றாம் முறை போட்டுப் பார்த்த பிறகு இப்போதுதான் அவளுக்கு உறைக்கிறது. எதிர் மேசையில் உதவிக்கு வந்த அறிவியல் சார் அதே குறிப்பை வைத்துத்தான் திருத்துகிறார். சிவப்புப் பேனா சரக் சரக்கென்று கிழிக்கிறது. “கூத்தைப் பாருங்க டீச்சர், ஒன்பதாவதுல அத்தனை பசங்களும் ஒரே தப்பைப் பண்ணியிருக்காங்க. காப்பிதான், சும்மா விடக் கூடாது.” அவள் குரூப்பிலேயே ‘ஒன்பதாவதுல பசங்க எழுதினதுதான் சரி. நான் போட்டது தப்பு’ என்று அடித்து அனுப்புகிறாள். தாள்களுக்கடியில் சாரின் கைப்பேசி உறுமுகிறது. “உங்களுக்குத்தான் இன்னொரு கும்பிடு” என்று நிமிராமலே சிரித்துக்கொண்டு அடுத்த தாளைப் புரட்டுகிறார். அவள் எட்டி அவர் பேனாவைப் பிடித்துக்கொள்கிறாள். இன்னும் முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டுப் பேனாக்கள் எங்கெங்கோ ஓடிக்கொண்டிருக்கின்றன.