தலைவர் வீட்டுக் கூட்டம்

போன வருடம், குடும்ப வன்முறைச் சட்டத்தைப் பற்றித் தோட்டத்து மக்களிடம் பேசுவதற்காகப் பெடாஸ் நகரிலிருந்து வந்த போலீஸ் சார்ஜன் புவனேஸ்வரியை வாசலோடு திருப்பி அனுப்பியவர், கோயில் தலைவர் சன்னாசி.

"புருசன் பொண்டாட்டி சண்டையில போலீஸுக்கு என்னலா வேல?" என்றார் அப்போது.

இன்று அவரே வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்.

"யூனிபார்ம்லயே வந்துட்டீங்க, நல்லதா போச்சு. பொண்டாட்டிய அடிச்சா எத்தன வருசம் உள்ள போடுவாங்கன்னு சத்தமா சொல்லணும்."

"கூட்டத்தையே காணோமே, ஐயா?"

"ஒருத்தர் வந்தா போதும்லா."

வாசலில் கார் நின்றது. பழத்தட்டோடு பெற்றோர் பின்தொடர, பட்டுச் சட்டையில் இறங்கிய இளைஞனைச் சன்னாசி சார்ஜனுக்கு நேர் எதிரே உட்கார வைத்தார்.

"மாப்ள, மொதல்ல இவங்க பேசுறதக் கேளுங்க. அதுக்கப்புறமும் ஆச இருந்தா என் மகளப் பாக்கலாம்."