இறங்காத கேஜ்

வெளியே துபாயின் ஜூலை வெயில் தாரை உருக்கிக்கொண்டிருக்க, இந்தப் பனிக்கூடத்துக்குள் சோலையப்பனின் மூச்சு புகையாய் வருகிறது. பனிச்சறுக்குப் பந்தயம் தொடங்கப் பத்து நிமிடம்தான் இருக்கிறது. நீல விளக்கொளியில், மேசைமேல் சம்யுக்தாவின் சறுக்குப் பலகை மல்லாந்து கிடக்கிறது. யாரோ ஓட்டித் தேய்த்து விற்ற பழைய பலகை. அதன் இரும்பு விளிம்பை நேற்று அரத்தால் தீட்டிக் கொடுத்தவன் சோலையப்பன்தான். "இடுப்புப் பக்கம் அகலம் பதினாறு சென்டிமீட்டருக்குக் குறைஞ்சா டிஸ்குவாலிஃபை பண்ணிடுவாங்க அங்கிள்," என்கிறாள் அவள், ஹெல்மெட் வாரைக் கடித்தபடி. அரம் இழுக்க இழுக்க அகலமும் தேயும்; அவன் விளிம்பை விரலால் தடவிப் பார்க்கிறான். "கூர் பத்தலயோன்னு கடைசில ரெண்டு இழுப்பு சேத்துப் போட்டுட்டேன் பாப்பா." அல் கூஸ் இரும்புப் பட்டறையில் ஏழு வருஷம் பழகிய கை; இங்கே வேலைக்கு வந்த பிறகும் அந்த இரண்டு இழுப்பு இல்லாமல் அது அடங்காது. நடுவர் கையுறையைக் கழற்றுகிறார். சரியாகப் பதினாறு சென்டிமீட்டர் வாய் பிளந்த இரும்புக் கேஜைப் பலகையின் இடுப்பில் வைக்கிறார். அது இறங்கிவிட்டால் பலகை ஒல்லி, பந்தயம் கிடையாது. மேலே லிஃப்ட் நாற்காலிகள் கிறீச்சிடுகின்றன. நடுவர் அழுத்துகிறார். டக். இன்னும் அழுத்துகிறார். ஒரு முடியளவு இடத்துக்காக முரண்டு பிடித்துக்கொண்டு, கேஜ் விளிம்பின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. "ஓகே! யல்லா, யல்லா!" என்று கையசைத்து விரட்டுகிறார் நடுவர். சம்யுக்தா பலகையை அள்ளிக்கொண்டு ஓடுகிறாள். பட்டறையில் கேஜ் இறங்காத ஒவ்வொரு தகட்டுக்கும் ஃபோர்மேனிடம் திட்டு வாங்கியவன், இன்று கேஜ் இறங்கவில்லை என்று பனியில் குதிக்கிறான்.