பேராசிரியர் வீட்டு நர்ஸ்

கிட்ட வந்து இருங்கள் மக்கா, ஒரு கதை சொல்கிறேன். கொஞ்சம் கனத்த கதைதான்.

மொழியியல் பேராசிரியர் ஜான்ரோஸின் மார்த்தாண்டம் வீட்டுக்குப் பதிப்பாளர் அனிஷ் முதன்முறையாக வந்திருந்தார். அச்சுக்குப் போகும் புத்தகம், ஆதி இந்தோ-ஐரோப்பியப் பெயரடை விகுதிகள் பற்றியது. வெள்ளைக் கோட்டு போட்ட பெண்ணொருத்தி பேராசிரியருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

“சார், ‘நிறைந்த’ன்னு வாறதுக்கு எந்த விகுதி?” என்று அனிஷ் கேட்டார்.

“‘நோ’ங்கிற விகுதி. ‘நிரப்பு’ங்கிற வேரோட அது சேரணும். ‘சிவந்த’ன்னா ‘ரோ’. ஒருத்தரும் எழுதிவைக்காத மொழி அனிஷே, பிறகு வந்த மொழிகளை ஒப்பிட்டு நாமளா மீட்டெடுத்தது.”

“ஞாபகம் போச்சுன்னு ஊரெல்லாம் சொல்லுதானுவ! சரி, சமர்ப்பணம் ஆருக்கு?”

“எனக்க பெண்டாட்டி பூங்கனிக்கு. சிஸ்டர், அவ இன்னும் சர்ச்சுல இருந்து வரல்லியா?”

“இப்ப வந்திருவாங்க சார். ஒரு வாய் குடிங்க.”

வழியனுப்ப வாசலுக்கு வந்தவளிடம் அனிஷ் கேட்டார்: “மேடத்தைப் பாக்க முடியல்லியே, எப்ப வருவாங்க சிஸ்டர்?”

“நான்தான் பூங்கனி. பெண்டாட்டின்னு சொன்னா, எவளோ வீட்டுக்குள்ள கேறிட்டான்னு கூப்பாடு போடுவாரு. இந்தக் கோட்டைப் போட்டாத்தான் தொட விடுவாரு.”

“சிஸ்டர்!” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“வாறேன் சார்” என்று ஓடினாள்.

உங்கள் வீட்டில் கட்டினவரும் கட்டினவளும் கடைசிவரை ஒருவரை ஒருவர் முகம் பார்த்து அறியட்டும், மக்கா.